நாற்காலி யாருக்கு? சம்பளம் யாருக்கு?

(பெங்களூரில் நடந்த நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைய கூட்டத்தின் முன் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் நம் சங்கத்தை அணுகியிருக்கிறார்கள். நம் பகுதிப் பெண்களுக்கு ஒரு சட்ட உதவி மையம் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைப்பேறு, கருத்தடை, கருக்கலைப்பு, பேறுகால விடுப்பு, மருத்துவமனையில் நேரும் அவமதிப்பு ஆகியவற்றில் பெண்ணுக்குள்ள உரிமையைக் காக்கும் மையம் அது. சங்கக் கட்டிடத்தின் முன் அறையைக் கேட்கிறார்கள்.

மையம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை எளிது, வேண்டும். ஆனால் அதற்குத் தலைமை தாங்கப் போவது யார், அதில் சம்பளம் வாங்கி வேலை செய்யப் போவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் அறையைத் திறந்துவிட்டால், இரண்டு ஆண்டுகளில் அங்கே பூட்டுத் தொங்கும். ஆகவே அவற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில், இந்த மையம் எதற்கு?

2022 நவம்பரில் துமகூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஒரு சிறு பெண் குழந்தையோடு தனியே வாழ்ந்த கர்ப்பிணி ஒருத்தி. வலி எடுத்ததும் அக்கம்பக்கத்தார் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆதார் அட்டை இல்லை, தாயி கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டிலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தாயும் போனாள், இரு சிசுக்களும் போயின. பிறகு மருத்துவரும் செவிலியரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். போன உயிர் மூன்றும் திரும்பவில்லை.

பிரசவ வலியோடு வந்தவளை அட்டை இல்லை என்று விரட்டலாம் என எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த இரவில், அந்த வாசலில், 'இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுப்பதானால் எழுதிக் கொடுங்கள்' என்று கன்னடத்தில் உரக்கக் கேட்க ஓர் ஆள் அவள் பக்கம் இல்லை. நமக்கு வேண்டியது அந்த ஆள். புத்தகத்தில் இருக்கும் சட்டத்தை வாசலுக்குக் கொண்டுவரும் ஆள்.

இதற்கு மாணவர்கள் ஏன் முன்வருகிறார்கள்? அது புதுமையல்ல. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நாகரபாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியிலும் மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் அந்த உதவியைக் கேட்கலாம். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்களுக்குத் தெரியவைக்க மாணவர்கள் வருகிறார்கள். அவர்களை வாழ்த்தி வரவேற்போம்.

ஆனால் மாணவரின் பலத்தையும் எல்லையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாணவர் சட்டத்தைத் தேடிப் படிப்பார், மனு எழுதுவார், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுவார். அதிகாரியைக் கண்டு நடுங்க மாட்டார். அது பெரிய பலம். ஆனால் அவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட முடியாது. அது பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு மட்டுமே உரியது. தேர்வு வந்தால் வர முடியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார். ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் டில்லிக்கோ பம்பாய்க்கோ வேலைக்குப் போய்விடுவார். இது அவர் குற்றமல்ல. படிக்க வந்தவர் படிப்பு முடிந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் கர்ப்பத்துக்குத் தேர்வு விடுமுறை கிடையாதே!

இந்தச் சிக்கலை வேறு நாட்டு மாணவர்களும் சந்தித்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி சட்டக் கல்லூரியில், பெண்ணின் கருவுரிமைக்காக மாணவர்கள் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். கல்லூரிதோறும் கிளைகள் பரவின. ஆனால் கிளைகளை மட்டும் நம்பி அவர்கள் நிற்கவில்லை. சம்பளம் பெறும் ஊழியர்களும் வழக்கறிஞர்களும் கொண்ட ஒரு நிலையான அலுவலகத்தை அமைத்தார்கள். படிப்பு முடித்து வெளிவரும் இளம் வழக்கறிஞர்களைப் பெண்கள் அமைப்புகளில் ஊதியத்தோடு பணியமர்த்தும் திட்டத்தையும் வகுத்தார்கள். 2015-இல் அந்த அமைப்பு 'இஃப் வென் ஹவ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிள்ளை பெறுவதா, எப்போது, எப்படி என்று தீர்மானிப்பவள் பெண்ணே என்பது அந்தப் பெயரின் பொருள். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 முதல் அந்நாட்டுப் பெண்களுக்கு இருந்த கருக்கலைப்பு உரிமையைப் பறித்தது. அன்று கலங்கிப்போன பெண்கள் தொலைபேசியில் சட்டம் கேட்க அந்த அமைப்பின் உதவி எண் இருந்தது. மாணவர் கிளை மட்டும் இருந்து, ஜூன் மாத விடுமுறையில் அறை பூட்டியிருந்தால் அந்தத் தொலைபேசியை யார் எடுத்திருப்பார்கள்?

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: மாணவர் ஓடும் நீர், அது தேங்கி நின்று பயன்பட ஒரு தொட்டி வேண்டும். அந்தத் தொட்டிதான் சம்பளம் பெறும் நிலையான ஊழியர்.

சிலர் கேட்கிறார்கள்: 'சேவைக்குச் சம்பளமா? தொண்டு மனம் உள்ளவர்கள் சும்மா செய்ய மாட்டார்களா?' தோழர்களே, சும்மா வேலை செய்ய யாரால் முடியும்? வீட்டில் வேறு வருமானம் உள்ளவரால் முடியும். காலை எட்டரைக்குக் கார்மெண்ட்ஸில் பஞ்ச் அடிக்க வேண்டிய நம் சகோதரியால் முடியாது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளால் முடியாது. ஊதியம் இல்லாத பொறுப்பு எங்கே போகும்? வசதியுள்ளவர் கைக்குப் போகும். பிறகு 'உங்கள் பெண்களில் பொறுப்பேற்க யாரும் வரவில்லையே' என்று அவர்களே சொல்வார்கள்.

இனித் தலைமையைப் பற்றிச் சொல்கிறோம். இதுதான் முக்கியம்.

நம் உடம்பின் மேல் யார் யாரோ முடிவெடுத்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஏழைகளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கணக்குக் காட்டினார்கள். அது பழைய கதை என்று விட்டுவிட முடியுமா? 2012 ஜனவரியில் பீகாரில், அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் கருத்தடை அறுவை செய்தார். அந்த வழக்கில்தான் 2016 செப்டம்பர் 14 அன்று, இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நாட்டு நலனுக்காகக் கருத்தடை என்பவர்கள் ஒரு பக்கம். குலப் பெருமைக்காகப் பிள்ளை பெற்றுக்கொண்டே இரு என்பவர்கள் மறு பக்கம். இரு பக்கத்தாரும் பெண்ணைக் கேட்டதில்லை. 1930-ஆம் ஆண்டையொட்டிப் பெரியார் 'குடி அரசு' இதழில் எழுதியதை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல் நலத்துக்காகவும் கருத்தடையைக் கேட்கிறார்கள். நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் கோடு பிரித்துக் காட்டினார். அந்தக் கோடு இன்றும் பொருந்தும். பெண்ணின் விடுதலைக்காக என்றால், அந்த மையத்தின் தலைமையில் பெண்ணே இருக்க வேண்டும். அதிலும் எந்தப் பெண்? அந்த வாசலில் நின்று திருப்பி அனுப்பப்படும் பெண்.

'அவர்களுக்கு என்ன சட்டம் தெரியும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம். கோயம்புத்தூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்த தொழிலாளிப் பெண் ஒருத்திக்கு 1967-இல் பேறுகாலம். அன்றைய சட்டப்படி 12 வாரச் சம்பளம் அவளுக்கு உரியது. தோட்ட நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டு வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 72 நாளுக்குக் கணக்குப் போட்டது. அவள் கேட்டாள்: வாரம் என்றால் ஏழு நாள்தானே? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பசிக்காதா? 84 நாள் கணக்கு வேண்டும் என்று தொழிலாளர் நீதிமன்றம் போனாள். வழக்கு டில்லி வரை ஏறியது. 1977 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்ததுதான் வாரம் என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுவதும் உள்ள உழைக்கும் பெண்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக் கொடுத்தவள் ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளி. வாதாடியது வழக்கறிஞர், ஆனால் எங்கே திருட்டு நடக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள்!

நம் கண் முன்னே நடந்ததையும் சொல்லலாம். 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் இந்தப் பெங்களூரில் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. பெரிய தலைவர் எவரும் அவர்களை அழைக்கவில்லை. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களாகவே வந்தார்கள். இரண்டாம் நாளே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. தலைமை ஏற்கும் தகுதி நம் பெண்களுக்கு உண்டா என்று இன்னுமா கேட்க வேண்டும்?

தலைமை யாரிடம் இருக்கிறதோ அவருடைய கவலைதான் மையத்தின் வேலையாக மாறும். மாணவர் தலைமையில் இருந்தால், உயர் நீதிமன்றம் போகும் பெரிய வழக்கு அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். நம் பெண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. இ.எஸ்.ஐ. அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது. தாயி கார்டு கேட்டால் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். கர்ப்பம் தெரிந்ததும் சூபர்வைசர் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறார். கருக்கலைப்புக்குப் போனால் புருஷனைக் கூட்டிவா என்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் மறுமொழி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். கணவன் கையெழுத்தை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வார உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. ஆனாலும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பும், பேறுகால விடுப்பில் இருப்பவளை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்ற காப்பும் தொடர்கின்றன. பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சட்டத்தை மாணவர் சொல்லித் தரட்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நம் பெண்கள் சொல்லட்டும்.

ஆகவே செயற்குழு உங்கள் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறது.

ஒன்று: மையத்தைத் தனிச் சங்கமாகப் பதிவு செய்வோம். 1960-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். நாம் பதினொரு பேர் கொண்ட நிர்வாகக் குழு கேட்கிறோம். அதில் ஏழு பேர் இந்தப் பகுதியில் உழைத்துப் பிழைக்கும் பெண்களாக இருக்க வேண்டும். மூவர் மாணவர், ஒருவர் சட்ட ஆசிரியர் அல்லது மூத்த வழக்கறிஞர். தலைவர் பதவி அந்த எழுவரில் ஒருவருக்கே. ஏழு பேரும் தமிழச்சிகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரே லைனில் உட்கார்ந்து தைக்கும் கன்னட, தெலுங்கு, உருது பேசும் சகோதரியும், ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள். வாசல் ஒன்று என்றால் குழுவும் ஒன்றுதான்.

இரண்டு: முழுநேர ஊழியர் ஒருவர். பத்தாவது தேறிய, தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த, இந்தத் தெருக்களை அறிந்த ஒரு பெண். சட்டப் பட்டம் வேண்டாம், பயிற்சி போதும். சட்டப் பணிகள் ஆணையமே பட்டமில்லாதவர்களைச் சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கிறது. அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையாத ஊதியம், வாராந்திர விடுமுறை, பேறுகால விடுப்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு உரிமை சொல்லும் மையம் தன் ஊழியருக்கு அதைத் தராவிட்டால், நாம் யாரைக் கேள்வி கேட்க முடியும்?

மூன்று: வழக்கறிஞரை மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞர் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே வாரம் இரண்டு மாலை வரும் வழக்கறிஞருக்குக் கட்டணம் என்ற முறையில் தருவோம். நீதிமன்றம் போகும் வழக்குகளுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞரைக் கேட்டுப் பெறுவோம்.

நான்கு: மாணவர் மாறும்போது வழக்கு அறுந்துபோகக் கூடாது. ஒவ்வொரு வழக்கிலும் மூத்த மாணவர் ஒருவர், இளைய மாணவர் ஒருவர். எல்லாத் தாளும் மையத்தின் பெட்டியில். எவருடைய கைப்பேசியிலும் அல்ல. பெட்டியின் சாவி ஊழியரிடம். நிர்வாகக் குழுவுக்கு எண்ணிக்கை தெரியும், பெயர் தெரியாது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட்டால் தண்டனை என்று சட்டமே சொல்கிறது. மருத்துவருக்கு உள்ள கட்டுப்பாடு நமக்கு வேண்டாமா? நம் தெருவின் வாய் நமக்குத் தெரியாததா?

ஐந்து: பணம். 1981-இல் இந்திரா ஜெய்சிங்கும் ஆனந்த் குரோவரும் தொடங்கிய 'லாயர்ஸ் கலெக்டிவ்' பெண்களுக்காக எவ்வளவோ செய்த அமைப்பு. 2016-இல் மத்திய அரசு அதன் வெளிநாட்டு நிதி உரிமத்தை ரத்து செய்தது. 2020-இல் வந்த திருத்தம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்ச அளவைப் பாதியிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டது. வெளியிலிருந்து வரும் பணத்தை நம்பி ஊழியரை வைத்தால், ஒரு நாள் ஒரே கடிதத்தில் அவர் வேலை போகும். ஐந்நூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் தந்தால் 25,000 ரூபாய் சேரும். பெரிய தொகையல்ல. ஆனால் அது யாரும் ரத்து செய்ய முடியாத பணம். சந்தா தருபவர் ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் கேட்பார், தலைவரை மாற்றுவார். தலைமை நம்மிடம் நிலைக்க வேறு வழியில்லை.

'தமிழர் சங்கத்தில் பேசவேண்டிய விஷயமா இது?' என்று பெரியவர் சிலர் தயங்குவதும் தெரியும். ஐயா, நம் பிணங்களுக்கு மாலை வாங்கும் சங்கம், நம் பிறப்புகளைப் பற்றிப் பேசக் கூடாதா? துமகூரில் இறந்தவள் நம் மொழிக்காரி. அவளுக்கு இங்கே சங்கமும் இல்லை, சொந்தமும் இல்லை. மொழி தெரியாத ஊரில், அட்டை இல்லாத ஒருத்திக்குச் சொந்தமாக நிற்பதைவிட இந்தச் சங்கத்துக்கு வேறு என்ன வேலை?

கடைசியாக மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தலைமையை மறுப்பதாக எண்ணாதீர்கள். உங்கள் அறிவு எங்களுக்கு வேண்டும், உங்கள் துணிச்சல் வேண்டும். நீங்கள் போகும்போது உங்களோடு போய்விடாத ஒன்றை எங்களோடு சேர்ந்து கட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம். பிளஸ் டூ முடித்தவர் ஐந்து ஆண்டும், பட்டம் பெற்றவர் மூன்று ஆண்டும் படித்தால் வழக்கறிஞராகலாம். இந்தத் தெருப் பெண்களில் ஆண்டுக்கு இருவரையாவது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துங்கள். உங்கள் இடத்துக்கு அவர்கள் வரட்டும். அவர்களுக்குப் படிப்பு முடிந்தும் போக வேறு ஊர் இல்லை, இதுதான் ஊர்.

ஐந்து யோசனைகளும் எழுதி வாசலில் ஒட்டப்பட்டிருக்கின்றன. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். எழுவரில் ஒருவராக நிற்க விரும்பும் சகோதரிகள் பெயர் கொடுங்கள். 'எனக்கு என்ன தெரியும்' என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காதான் முதலில் பெயர் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.